வெள்ளிக்கிழமை வரை ஓட ஒரு ஆள்

ஒரு ஆட்டக்காரனுக்கு வேலை போகப்போகிறது என்பது, அவனுக்குத் தெரிவதற்கு முன்பே அவனுடைய உடுப்பைத் தோய்க்கிறவளுக்குத் தெரிந்துவிடும்.

தங்கச்சிமாரே, நான் இருந்த அந்த உடுப்பு அறைக்கு இப்போது நீங்கள் வேலைக்குப் போயிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சேற்றுக் கறை எப்படிப் போகும், மெசினில் எவ்வளவு போடலாம் என்பதையெல்லாம் அங்கே இருக்கிறவர்கள் காட்டித் தருவார்கள். இதை ஒருவரும் காட்டித் தரமாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த ஆள் நான். கடதாசிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் துணிச்சல் வரும்.

எங்களுக்கு ஏன் முதலில் தெரியும் என்றால், புது ஆள் ஒருவனை எங்கள் றக்பிக் கழகம் எடுத்தால் அவன் வந்து இறங்கும் நாளில் அவனுடைய உடுப்பு ஆயத்தமாக இருக்க வேண்டும். பயிற்சிச் சட்டை, காற்சட்டை, துவாய் எல்லாவற்றிலும் அவனுடைய பெயரின் முதலெழுத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்ட வேண்டும். அவனுக்கு ஒரு அலமாரி வேண்டும். அலமாரிகள் கூடுவதில்லை. ஆகவே யாருடைய அலமாரி என்று எங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மேலே இருக்கிற பெரிய மனிதர்களுக்குப் போகிறவனின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பஞ்சியாக, கூச்சமாக இருக்கும். எங்களிடம் சொல்ல ஒரு பஞ்சியும் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை நடந்தது இது. தொங்கா நாட்டுக்காரன் ஒருவன், கதவை மறைக்கிற உடம்பு, காலையில் வந்து தன் அலமாரியைத் திறந்தான். உள்ளே வேறு யாருடையதோ உடுப்பு. கூட்டாளிகள் பகிடி விடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அறை அறையாகத் தன் சப்பாத்தைத் தேடினான். கடைசியில் எங்கள் அறைக்கு வந்து, "ஆன்ட்டி, என்ர சப்பாத்தை எங்க ஒளிச்சு வைச்சிருக்கினம்?" என்று கேட்டான். எங்கள் வாசலில் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி வைத்திருந்தார்கள். நான் கையால் காட்டினேன். அவன் பையைப் பார்த்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, இறங்க வழி தெரியாமல். மனேஜர் வெள்ளிக்கிழமை சொல்ல மறந்துபோனாராம். சொல்ல மறக்கிற விசயமா அது?

இனிமேல் என் கண் முன்னால் ஒருவனும் குப்பைப் பையைப் பார்த்துத் தன் விதியை அறியக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். நினைப்பது சுகம். வாய் திறப்பதுதான் கஷ்டம். பல வருசம் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தேன். ஒருமுறை சொன்னேன். அந்தக் கதைதான் இது.

அவன் பெயர் டேரல். அமெரிக்கன். அங்கே அவர்கள் தலைக்கவசம் போட்டு ஆடும் ஆட்டத்தில், தூரத்திலிருந்து எறிகிற பந்தை ஓடிக்கொண்டே பிடிக்கிறது அவன் தொழில். எங்கள் கழகம் ஆடுவது றக்பி லீக். இதில் எதிரணி பந்தை வானத்துக்கு உதைத்துவிடும், ஓரத்தில் நிற்கிறவன் குதித்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தெரிந்தவன் எங்கேயும் பிடிப்பான் என்று யாரோ யோசித்து அவனை ஒரு சீசனுக்குக் கொண்டுவந்தார்கள். அவனுடைய விசா கழகத்தோடு ஒட்டியிருந்தது. கழகம் விட்டால் நாடும் விட வேண்டியதுதான்.

அவன் எங்கள் அறைக்கு அடிக்கடி வருவான். அங்கேதான் சூடு. என்னோடு வேலை செய்த செல்வி தமிழ்நாட்டுப் பிள்ளை, நல்ல ஆங்கிலம், எல்லாரிடமும் கேள்வி கேட்பாள்.

"எத்தன டீம்ல ஆடியிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டு, அவன் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் திருப்பிச் சொன்னாள். "சம்பளம் குடுத்த டீமா, ஆட விட்ட டீமான்னு கேக்குறாருக்கா!"

சம்பளம் கொடுத்தவை பல. ஆட விட்டது ஒன்றோ இரண்டோ. மற்ற இடங்களில் பயிற்சிக்கு மட்டும் வைத்திருந்தார்களாம். அது ஒரு விசித்திரமான வேலை. அடுத்ததாக எதிர்த்து ஆடப்போகிற அணியில் ஒரு பெரிய ஆட்டக்காரன் இருப்பான் அல்லவா, அவனைப் போல இவன் ஓடிக் காட்ட வேண்டும். அவன் திரும்புகிற மாதிரித் திரும்ப வேண்டும். அவனைப் பிடித்து விழுத்தப் பழகுகிறவர்கள் இவனை விழுத்திப் பழகுவார்கள். அடுத்த கிழமை இன்னொருவனைப் போல.

"நான் ஆரைப் போலயும் ஓடுவன், ஆன்ட்டி. என்னைப் போல ஓடச் சொல்லித்தான் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான். அவன் சொன்னது ஆங்கிலத்தில். நான் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

ஒரு மழை நாளில் என்னைக் கிளென் ஈடனில் இருக்கிற என் வீடு வரை கொண்டுபோய் விட்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்புகிற விளக்கைப் போடுவதற்குப் பதிலாகக் கண்ணாடி துடைப்பானைப் போடுவான். அவனுடைய நாட்டில் அது மறு பக்கமாம். மழை பெய்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றைக்குத்தான் தன் மனைவியைப் பற்றிச் சொன்னான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. மகளுக்கு மூச்சிழுப்பு இருக்கிறது, அவளுடைய வேலையோடு வருகிற காப்புறுதியால்தான் அந்தப் பிள்ளைக்கு மருந்தும் வைத்தியமும். இவன் ஊர் ஊராகப் போக, அவள் ஒரே ஊரில் ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை வளர்த்தாள். "இந்தமுறை நான் சரியாய் நிண்டுட்டா அவையளைக் கூப்பிடுவன்" என்றான். நான் தலையை ஆட்டினேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

சீசன் தொடங்கியது. அவனைப் போட்டிக்கு எடுக்கவில்லை. பயிற்சியில் மட்டும் ஓடினான். ஆனால் பயிற்சியாளர் ஒருநாள் தோளில் தட்டி, "உன்ர நேரம் வருது" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு தட்டில் அவன் மாசி என்கிற பகுதியில் வாடகைக்கு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டான்.

ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் அறைப் பொறுப்பாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் சமோவாக்காரர், நல்ல மனிசன். பகலில் அந்தக் கதவை அவர் வேறெதற்கும் சாத்துவதில்லை. "திங்கள் புது ஆள் வருது. டேரலின்ர அலமாரி. வெள்ளி பயிற்சி முடியுமட்டும் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, மேல இருந்து சொல்லியிருக்கினம்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னைப் பாக்காத ஆன்ட்டி, நான் எடுத்த முடிவில்லை" என்றார்.

ஏன் வெள்ளி வரை என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்தக் கிழமை எதிரணியில் உயரமான ஓரக்காரன் ஒருவன் இருந்தான். அவனைப் போல ஓடிக் காட்ட ஆள் வேண்டும்.

மத்தியானம் நான் சட்டைகளில் புது எழுத்துகளை அழுத்திக்கொண்டிருந்தபோது டேரல் போனை நீட்டிக்கொண்டு வந்தான். வீட்டின் படம். பின்னால் புல்வெளி, பக்கத்தில் பள்ளிக்கூடம். மனைவி சரியென்று சொல்லிவிட்டாளாம். அங்கே இன்னும் செவ்வாய் இரவு. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் வேலையை விடுகிறதாகச் சொல்லப்போகிறாளாம்.

செல்வி மெசினுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. அவளுடைய பயம் எனக்கு விளங்கும். அவளும் விசாவில் இருந்தவள். பொறுப்பாளர் கதவடியில் நின்றார். யோசிக்க நேரமில்லை. நான் யோசித்தது இவ்வளவுதான்: இவனுக்கு வேலை போவதை என்னால் நிற்பாட்ட முடியாது. அந்தப் பெண்ணின் வேலை போவதை நிற்பாட்டலாம்.

"மனிசியைப் பொறுக்கச் சொல்லு" என்றேன்.

"எவ்வளவு நாளைக்கு?"

"வேலையை விடவேண்டாம் எண்டு சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். அவனுடைய அளவுச் சட்டை. அதில் அவனுடையதல்லாத எழுத்து. பல கழகங்களில் பழகிய ஆள், ஒரு கேள்வியும் வீணாகக் கேட்கவில்லை.

"எப்ப?"

"வெள்ளி."

"பயிற்சிக்கு முன்னமா, பிறகா?"

"பிறகு."

"அதுதானே பாத்தன்" என்று சிரித்தான். "வெள்ளி வரைக்கும் ஓட ஒரு ஆள் வேணுமே." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, ஆன்ட்டி. நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றுவிட்டுப் போனான்.

பொறுப்பாளர் தனக்குக் காது கேட்காத மாதிரி வெளியே போய்விட்டார். செல்விதான் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, உங்க வாயிலேருந்து ஒரு வார்த்த வர்றதுக்குள்ள எனக்கு ஒரு லோடு காஞ்சிடும். இன்னிக்குப் பாத்து மடமடன்னு பேசுறீங்களே!"

அவன் அன்றே மனைவியை அழைத்துப் பொறுக்கச் சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை.

வியாழனும் வெள்ளியும் அவன் ஓடியதை ஜன்னலால் பார்த்தேன். வேலை போகப்போவது தெரியாதவன் கூட அப்படி ஓடமாட்டான். வானத்துக்கு உதைத்த பந்தெல்லாம் அவன் கையில்தான் வந்து இறங்கியது. எனக்குக் கோபமாக வந்தது. இவர்களுக்காகவா இப்படி ஓடுகிறாய் என்று. ஓடத் தெரிந்தவனுக்கு அரைவாசியாக ஓடத் தெரியாது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிகிற நேரத்தில் எங்கள் அணியில் வழக்கமாக ஆடுகிற ஓரக்காரன் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் குந்திவிட்டான். தசை கிழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மனேஜர் எங்கள் அறைக்குள் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"டேரலின்ர போட்டி உடுப்பு எங்க?"

பொறுப்பாளர் அசையாமல் கேட்டார். "எந்த டேரல்? போகப்போறவனா?"

"போறான் எண்டு ஆர் சொன்னது? நாளைக்கு ஆடுறான்."

"சரி. அப்ப அந்தப் புது ஆளின்ர உடுப்பு?"

மனேஜர் கொஞ்சம் யோசித்தார். "அதை மேல் தட்டில வைச்சிருங்கோ" என்றார்.

இதைக் கவனியுங்கள் தங்கச்சிமாரே. திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. எழுத்தைக் கழற்றச் சொல்லவில்லை. வைச்சிருங்கோ என்றார்.

சனிக்கிழமை போட்டியை நாங்கள் துவாய் மடித்துக்கொண்டு டிவியில் பார்த்தோம். டேரல் இரண்டு பேருக்கு மேலால் எழும்பிப் பந்தைப் பிடித்து அப்படியே கோட்டுக்கு அப்பால் விழுந்து புள்ளி எடுத்தான். செல்வி துவாயை எறிந்துவிட்டுக் கத்தினாள். போட்டி முடிந்ததும் மனேஜர் டிவியில் வந்து, அவன்மேல் தங்களுக்கு எப்போதும் நம்பிக்கை இருந்ததாகச் சொன்னார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அவனை விட்டுவிட முடிவெடுத்திருந்தோம் என்று அவனிடம் அவர்கள் கடைசி வரை சொல்லவேயில்லை.

திங்கட்கிழமை புது ஆள் வரவில்லை, டேரல் வந்தான். சந்தோசமாக இருப்பான் என்று பார்த்தால், முகம் விடிந்திருக்கவில்லை. மனைவி போட்டியைப் பார்த்திருக்கிறாள். இனி என்ன தடை, நாளைக்கே வேலையை விடுகிறேன் என்கிறாளாம்.

"என்ன சொல்ல, ஆன்ட்டி?"

"இதென்ன கேள்வி, வரச் சொல்லுங்க! இப்ப நீங்கதான ஹீரோ" என்றாள் செல்வி.

எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். பிள்ளை அந்தப் புல்வெளியில் ஓடுவதை நினைத்தும் பார்த்தேன். ஆனால் அவன் என்னிடம் கேட்டது என் ஆசையை அல்ல. எனக்குத் தெரிந்ததை. நான் மேல் தட்டைக் காட்டினேன். "அந்த உடுப்பு இன்னும் திரும்பிப் போகேல்லை" என்றேன்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அமெரிக்காவில் ஒருவனை விடுவதென்றால் காலையில் ஒரு ஆள் வந்து கதவைத் தட்டுவானாம். தட்டுகிற விதத்திலேயே தெரியுமாம். "இங்க தட்டுற சத்தமும் இல்லை" என்றான்.

அன்று மனைவியிடம் உண்மையைச் சொன்னான். புதன்கிழமை நடந்ததையும், மேல் தட்டில் இருப்பதையும். அவள் நம்பவில்லை. டிவியில் மனேஜர் சொன்னதை அவள் தன் காதால் கேட்டிருக்கிறாள். "ஊரெல்லாம் உன்னைக் கொண்டாடுது, நீ உடுப்புத் தோய்க்கிற மனிசி சொன்னதை வைச்சு எங்களை வரவேண்டாம் எண்டுறாய்" என்று கேட்டிருக்கிறாள். பிறகு, அங்கே வேறு ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறாள். இத்தனை வருசம் ஒரு ஊரில் தனியாக இருந்தவளுக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? இவன் கோபத்தில் போனை வைத்துவிட்டான். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வேலையை மட்டும் விடவில்லை.

அடுத்து வந்த சில கிழமைகள் அவன் நன்றாகவே ஆடினான். வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. எங்கள் அறைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் மேல் தட்டைப் பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தான். பிறகு வழக்கமான ஓரக்காரனின் தொடை சுகமானது. ஒரு காலையில் பொறுப்பாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நானே ஏணியை எடுத்து, மேல் தட்டில் இருந்த உடுப்பை இறக்கினேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், சொல்லலாமா, சொல்லக் கூடாதா என்று. சொல்லுங்கள். ஒருவன் தன் குடும்பத்தைப் பற்றி முடிவெடுக்கிற நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. உங்களை வாய் மூடச் சொல்கிறவர்கள் அவனுடைய நன்மைக்காகச் சொல்வதில்லை, தங்கள் வெள்ளிக்கிழமைக்காகச் சொல்கிறார்கள். ஆனால் சொன்னால் நல்லது நடக்கும் என்று நினைத்துச் சொல்லாதீர்கள். சொல்வது உங்கள் கையில். பிறகு நடப்பது ஒன்றும் உங்கள் கையில் இல்லை. செய்தது சரியென்று தெரிந்தும் நித்திரை வராது. அதற்கும் சேர்த்து ஆயத்தமாக இருங்கள்.

அந்த முறை மனேஜர் மறக்கவில்லை. டேரலை அறைக்குள் கூப்பிட்டு, உட்காரக் கதிரை கொடுத்து, நிறைய நேரம் கதைத்தாராம். அவனும் முதன்முதலாகக் கேள்விப்படுகிற ஆள் போல இருந்து கேட்டுவிட்டு, கை கொடுத்துவிட்டு, எங்கள் அறைக்கு உடுப்பு ஒப்படைக்க வந்தான். எல்லாவற்றையும் தானே மடித்திருந்தான்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"நல்லாச் சொன்னார். கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகியிருப்பார்."

செல்வி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"எங்க போறாய்?"

"ஒஸ்ரேலியாவில ஒரு சின்ன ஊர்க் கழகம் கேக்குது. விசாவும் தருவினமாம்."

"வீட்டை போகேல்லையா?"

"எந்த வீட்டை, ஆன்ட்டி?" என்றான். கோபமில்லாமல்தான் கேட்டான். "நேற்று அவவோட கதைச்சனான். நீங்கள் சொன்னது சரியாய்ப் போச்சு எண்டு சொன்னனான். அவ உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா."

நான் துவாய்களை எடுத்து வண்டியில் போட்டேன். அவன் போகாமல் நின்றான்.

"இன்னொண்டும் சொன்னவ."

"சொல்லு."

"வேலை இருக்குதாம், பிள்ளைக்கு மருந்து இருக்குதாம். அண்டைக்கு அந்த ஆன்ட்டி வாய் திறக்காமல் இருந்திருந்தா, நாங்கள் மூண்டு பேரும் ஒரு வேலையும் இல்லாமல் எங்கையாவது ஒண்டாய் இருந்திருப்பமாம்."

அவன் குனிந்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். நான் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு அவனுடைய அலமாரியைத் துடைக்கப் போனேன். திங்கட்கிழமை காலையில் புது ஆள் வந்துவிடும்.